சேலத்துக்கு வந்த டாலர் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு நிதியுதவி பற்றிய திறந்த தரவுகளை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது என்று சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் மலையில் குடிநீர், காபி, பள்ளிக்கூடம் என்று வெளிநாட்டுப் பணத்தில் என்னென்னவோ நடந்ததாகச் சொல்கிறார்கள். அதையெல்லாம் நாமே இணையத்தில் பார்க்க முடியுமா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
– கல்லூரி ஆசிரியை, ஏற்காடு

முடியும், காசும் செலவில்லை. 2008 செப்டம்பரில் கானா நாட்டின் அக்ராவில் நடந்த மாநாட்டில் ஐ.ஏ.டி.ஐ. (சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முன்னெடுப்பு) என்ற ஏற்பாடு தொடங்கியது. நிதி கொடுக்கும் அரசுகள், வங்கிகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் தங்கள் திட்டங்களை ஒரே மாதிரியான படிவத்தில் வெளியிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்றைக்கு 1,700-க்கும் மேற்பட்ட அமைப்புகள் அப்படி வெளியிடுகின்றன. அவை வெளியிடுவது கணினி படிப்பதற்கான எக்ஸ்.எம்.எல். கோப்பு. அதைத் திறந்து கண்ணால் படிக்க முயலாதீர்கள், தலைவலிதான் மிஞ்சும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம், இந்தத் தரவைப் படிக்கும்படி காட்டும் டி-போர்ட்டல் தளம். தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டாலே வந்துவிடும். முகப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள், முடிந்தவை, கொடுத்தவர் வாரியாக, துறை வாரியாக என்று பட்டியல்கள் விரியும். ஒரு திட்டத்தைச் சொடுக்கினால் அதன் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பையோ தொகையையோ அல்ல, பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியலை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாத்திரம் கொடுத்திருப்பார்கள்: 1 என்றால் நிதி தருபவர், 2 பொறுப்பேற்பவர், 3 நிதியைக் கைமாற்றி நிர்வகிப்பவர், 4 களத்தில் வேலை செய்பவர். உள்ளூரில் நீங்கள் கேள்விப்பட்ட பெயர் இருந்தால், பெரும்பாலும் 4-ஆம் பாத்திரத்தில்தான் இருக்கும்.

அடுத்து திட்டத்தின் நிலை. 1 என்றால் இன்னும் பேச்சளவில் இருக்கிறது, 2 நடக்கிறது, 4 கணக்கு முடித்தாயிற்று, 5 கைவிட்டாயிற்று. நிலை 1-இல் இருக்கும் தொகையை ‘வந்த பணம்’ என்று யாரேனும் மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பல திட்டங்களில் ‘இந்தியா’ என்பதற்குக் கீழே இட விவரமே இராது. மாநிலப் பெயர் கிடைத்தால் நல்லது, மாவட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மலைக்கிராமத்தின் பெயரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

‘சேலம்’ என்று தேடினால் சம்பந்தமே இல்லாத பாலஸ்தீனத் திட்டங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஏன்?
– முதுகலை மாணவர், அம்மாபேட்டை

ஜெருசலேம்! ஆங்கில எழுத்துக்கூட்டில் அந்தப் பெயரின் கடைசி ஐந்து எழுத்தும் நம் சேலம்தான். இறக்கிய கோப்பில் எக்செல் வடிகட்டியைப் போட்டு ‘உள்ளடக்கியது’ என்று கொடுத்தால் அதையும் சேர்த்தே அள்ளிவரும். போதாக்குறைக்கு அமெரிக்காவில் ஆரிகன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஆளுக்கொரு சேலம் இருக்கிறது. அரபு நாட்டுத் திட்டங்களில் அது ஆள் பெயராகவும் வரும்.

முதலில் நாட்டுப் பத்தியில் இந்தியாவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஊரைத் தேடுங்கள். பல நாடுகளுக்குப் பொதுவான திட்டங்களில் அப்போதும் ஜெருசலேம் தலைகாட்டும். அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். சொல்லுக்கு முன் ஓர் இடைவெளி விட்டுத் தேடினால் ஜெருசலேம் ஒழிந்துவிடும். ஆனால் வரியின் தொடக்கத்திலோ அடைப்புக்குறிக்குள்ளோ வரும் நம் சேலமும் சேர்ந்து விடுபடும் என்பதால், அந்த இரண்டையும் தனியாக ஒருமுறை தேடுங்கள்.

மலைக்கு இதைவிட அதிக உழைப்பு வேண்டும். ஏற்காட்டுக்கு ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டு ஒன்று, உச்சரிப்பை ஒட்டி எழுதுவது ஒன்று. சேர்வராயன் மலை ‘ஷெவராய்’, ‘ஷெவராய்ஸ்’, ‘சேர்வராயன்’ என்று மூன்று விதமாக வரும். ‘கிழக்குத் தொடர்ச்சி மலை’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இத்தனையும் போட்டுத் தேடிய பிறகுதான் ‘இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டும். பழைய ஆவணமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: 1997-க்கு முன் ‘சேலம் மாவட்டம்’ என்றால் அதில் நாமக்கல்லும் அடக்கம்.

இந்தியாவுக்கான எக்செல் கோப்பை இறக்கி, மதிப்புப் பத்தியை மொத்தமாகக் கூட்டினேன். வந்த தொகை எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. எங்கே தப்பு?
– தணிக்கையாளர் அலுவலக உதவியாளர், ஓமலூர்

நீங்கள் இறக்கியது ஐ.ஏ.டி.ஐ.-யின் ‘நாட்டு வளர்ச்சி நிதித் தரவு’ கோப்பு என்று தெரிகிறது. தேர்வு சரிதான். நிரல் தெரியாதவர்களுக்கு அதைவிட உதவியான கோப்பு இல்லை. ஒவ்வொரு தொகையையும் நாடு வாரியாக, துறை வாரியாகப் பிரித்து, டாலரிலும் உள்ளூர் நாணயத்திலும் மாற்றியே தருகிறார்கள். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வரவுசெலவு மதிப்பீடு, ஒப்புக்கொண்ட தொகை, கொடுத்த தொகை, செலவழித்த தொகை எல்லாமே ஒரே மதிப்புப் பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பத்தியை அப்படியே கூட்டுவது, வங்கிக் கணக்கில் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் பாஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கூட்டுவது போல.

பரிவர்த்தனை வகை என்ற பத்தியை வடிகட்டுங்கள். மூல தரவில் அதன் எண்கள் இவை: 1 உள்வந்த நிதி, 2 ஒப்புக்கொண்டது, 3 வேறொரு அமைப்புக்குக் கொடுத்தது, 4 தானே செலவழித்தது. ‘எவ்வளவு பணம் நகர்ந்தது’ என்பது கேள்வியானால் 3-ம் 4-ம் மட்டும் போதும். ‘எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள்’ என்றால் 2 மட்டும். இரண்டையும் ஒரே கூட்டலில் கலக்கக் கூடாது.

இதைச் செய்த பிறகும் தொகை பெருத்தே நிற்கும். காரணம், ஒரே பணம் பல கைகளில் பதிவாவது. ஓர் அரசு லண்டன் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் கொடுக்கிறது என்று வையுங்கள். அரசு அதைத் தன் கோப்பில் ‘கொடுத்தது’ என்று எழுதும். தொண்டு நிறுவனம் அதிலிருந்து 8 லட்சத்தை இந்தியப் பங்காளிக்கு அனுப்பி, அதையும் ‘கொடுத்தது’ என்று எழுதும். இரு கோப்புகளையும் கூட்டினால் 18 லட்சம். உண்மையில் இந்தியாவுக்கு வந்தது 8. இதை முழுதாகத் தவிர்க்க வழியில்லை, குறைக்கலாம். வெளியிட்ட அமைப்பின் வகையைப் பார்த்து, முதலில் அரசுகளையும் பன்னாட்டு வங்கிகளையும் மட்டும் தனியாகக் கூட்டுங்கள். தொண்டு நிறுவனங்களின் கோப்புகளை இன்னொரு தாளில் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகையையும் தனித்தனியாகவே காட்டுங்கள், சேர்த்துக் காட்ட வேண்டாம்.

ஐ.ஏ.டி.ஐ.-யின் தரவுக் கிடங்கான டேட்டாஸ்டோர் தேடலிலிருந்து நேரடியாக சி.எஸ்.வி. (வெறும் அட்டவணைக் கோப்பு) இறக்குபவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். ‘திட்டம் ஒன்றுக்கு ஒரு வரி’, ‘பரிவர்த்தனை ஒன்றுக்கு ஒரு வரி’, ‘மதிப்பீடு ஒன்றுக்கு ஒரு வரி’ என்று மூன்று வடிவம் தருவார்கள். கூட்டல் கணக்குக்கு இரண்டாவதுதான் ஏற்றது. ஆனால் அங்கே நாட்டு வாரிப் பிரிப்பு தானாக நடக்காது. ஒரே கட்டத்துக்குள் மூன்று நாடுகளின் பெயர் காற்புள்ளியிட்டு இருக்கும், பக்கத்துக் கட்டத்தில் 20, 30, 50 என்று சதவீதம் இருக்கும். திட்டம் 1 கோடி டாலர், இந்தியாவுக்கு 20 சதவீதம், அதில் குடிநீர்த் துறைக்கு 50 சதவீதம் என்றால் உங்கள் விடை 10 லட்சம் டாலர். சதவீதத்தை மறந்தால் பத்து மடங்கு பிசகும்.

கடைசியாக, அலகு. ஐ.ஏ.டி.ஐ.-யில் தொகை முழுதாக இருக்கும். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.-யின் சி.ஆர்.எஸ். தரவில் (அது என்ன என்பது அடுத்த பதிலில்) மில்லியன் டாலரில் இருக்கும். 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது: நமக்கு ஏப்ரல் முதல் மார்ச், உலக வங்கிக்கு ஜூலை முதல் ஜூன், நீங்கள் இறக்கிய கோப்பில் ஜனவரி முதல் டிசம்பர். அந்தக் கோப்பில் காலாண்டுப் பத்தியும் உண்டு. அதை வைத்து ஏப்ரல்–மார்ச் கணக்காக மாற்றிவிடலாம்.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் ‘உதவி’ என்றார்கள். அது இனாமா, கடனா? தரவில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், மேட்டூர்

கடன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக வந்த திட்டம் அது. 2008 மார்ச்சில் 22,387 மில்லியன் யென்னுக்குக் கடன் ஒப்பந்தம் போட்டார்கள். நம் கணக்கில் 2,238.7 கோடி யென். இதை ரூபாய் என்று படித்துவிட்டுத் திட்டச் செலவே 2,200 கோடி என்று எழுதுவது சுலபமாக நேரும் பிழை. யென் கோடியும் ரூபாய்க் கோடியும் ஒன்றல்ல.

தேடுவதற்கு ஏற்ற இடம் சி.ஆர்.எஸ். பணக்கார நாடுகளின் அரசுகள் ஓ.இ.சி.டி.-க்கு ஆண்டுதோறும் அனுப்பும் திட்ட வாரிப் பட்டியல் அது. 1973 முதல் இருக்கிறது. ஐ.ஏ.டி.ஐ. புதியதற்கு நல்லது, சி.ஆர்.எஸ். பழையதற்கு நல்லது. சி.ஆர்.எஸ். சரிபார்த்த தரவு, ஆனால் தாமதமாகத்தான் வரும். ஓ.இ.சி.டி.-யின் டேட்டா எக்ஸ்ப்ளோரரில் கொடுத்தவர் ஜப்பான், பெற்றவர் இந்தியா, ஆண்டு 2008 என்று தேர்ந்தெடுங்கள். துறைக் குறியீட்டை 140-இல் தொடங்கும் எல்லாவற்றுக்கும் திறந்துவிடுங்கள். பெரிய குடிநீர்த் திட்டங்கள் 14020, 14021 என்று வரும், அடிப்படைக் குடிநீர் 14030, 14031 என்று வரும். எந்த அதிகாரி எதைப் போட்டிருப்பார் என்று ஊகிக்க முடியாது.

ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைக்காவின் பெயரில் மட்டும் தேடாதீர்கள். 2008 மார்ச்சில் இத்தகைய கடன்களைக் கொடுத்தது ஜே.பி.ஐ.சி. என்ற ஜப்பானிய வங்கி. அந்தப் பணி ஜைக்காவுக்கு மாறியது அதே ஆண்டு அக்டோபரில்தான்.

இனாமா கடனா என்பதற்கு நிதி வகைக் குறியீட்டைப் பாருங்கள். 110 என்றால் மானியம், 421 என்றால் கடன். பக்கத்தில் பாய்வு வகை என்று ஒன்று இருக்கும்: 10 என்றால் சலுகையோடு கூடிய வளர்ச்சி உதவி, 20 என்றால் அரசு கொடுத்தது, ஆனால் அந்த அளவு சலுகை இல்லாதது. உலக வங்கியின் வழக்கமான கடன் பிரிவான ஐ.பி.ஆர்.டி.-யின் கடன்கள் இரண்டாவது வகை. இந்தியா 2014-இல் அந்த வங்கியின் சலுகைக்கடன் பிரிவிலிருந்து தேர்ச்சி பெற்று வெளியேறிவிட்டது. ஆகவே ‘உலக வங்கி உதவி’ என்ற பலகையை எங்கே கண்டாலும், வட்டியோடு திருப்பிக் கட்டும் பணம் என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். 2005 ஏப்ரல் முதல் இத்தகைய கடன்களை மத்திய அரசு அதே நிபந்தனைகளோடு மாநிலத்துக்குக் கைமாற்றுகிறது. நாணய மாற்று ஏற்ற இறக்கமும் மாநிலத்தின் தலையில்தான்.

எங்கள் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் பெறுகிறது. எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் ஒரு தொகை, நீங்கள் சொல்லும் தளங்களில் ஒன்றுமே இல்லை. எது பொய்?
– வாசகி, ஆத்தூர்

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எஃப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். அதில் வருவது பெறுபவரின் கணக்கு, ஐ.ஏ.டி.ஐ.-யில் வருவது கொடுப்பவரின் கணக்கு. ஜெர்மனியில் ஒரு தேவாலயமோ, கனடாவில் ஒரு குடும்பமோ அனுப்பும் நன்கொடை எஃப்.சி.ஆர்.ஏ.-வில் கட்டாயம் வரும், ஐ.ஏ.டி.ஐ.-யில் வராது. அங்கே வெளியிடுவது அவரவர் விருப்பம். மறுபக்கம், ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’ என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டா. அவற்றின் பணம் ஐ.ஏ.டி.ஐ.-யில் தெரியும், எஃப்.சி.ஆர்.ஏ.-வில் தெரியாது.

2020 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு விஷயம் மாறிவிட்டது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது. எனவே சென்னை நிறுவனம் வழியாக ஆத்தூருக்கு வந்த பழைய சங்கிலிகள் அந்த ஆண்டோடு அறுந்திருக்கும். இன்னொன்று, எல்லா வெளிநாட்டு நன்கொடையும் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். வங்கிக்கிளையைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கும் வேலை இனி நடக்காது.

நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கைகள் உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. தளத்தில் முன்பு மாவட்ட வாரியாகவே கிடைத்தன. 2022 ஜூலையில் அவற்றைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்கிறவனுக்கு இது பெரிய இழப்பு, மழுப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ மத்திய அரசு குறிப்பிடும் தளத்திலோ, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் போட வேண்டிய தணிக்கைக் கணக்கைத் தேடுங்கள். ஆண்டுப் படிவத்தின் பெயர் எஃப்.சி.-4. நிறுவனத்திடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், எதைக் கேட்கிறீர்கள் என்று உடனே புரியும்.

திட்ட இடங்களை கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டேன். ஏற்காட்டுப் புள்ளி வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.
– சேலம் வாசகர்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. ஏற்காடு ஏறத்தாழ 11.78 வடக்கு, 78.21 கிழக்கு. ஐ.ஏ.டி.ஐ. முதலில் அட்சரேகையை எழுதும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு தீர்க்கரேகை. கியூஜிஸ்ஸில் எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் 78 டிகிரி வடக்கே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் காபித் தோட்டம் முளைக்கும். எக்செல்லில் ‘உரையைப் பத்திகளாக்கு’ கொடுத்து இடைவெளியில் பிரித்து, சரியான பத்தியைச் சரியான அச்சுக்குக் கொடுங்கள். ஆய முறை (புள்ளிகளை வைக்கும் அளவுமுறை) எது என்று கேட்டால் 4326 கொடுங்கள்.

அதைச் சரிசெய்த பிறகும் வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். மத்திய இந்தியாவில் ஒரே இடத்தில் ஏகப்பட்ட புள்ளிகள் குவிந்திருந்தால், அவை இடம் தெரியாமல் நாட்டின் நடுப்புள்ளியைப் போட்டுவைத்தவை. துல்லியம் என்ற பத்தியில் 1 என்றிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, 2 என்றிருப்பதை ‘தோராயம்’ என்று வேறு நிறத்தில் காட்டுங்கள்.

சீனா கொடுக்கும் கடன் இந்தத் தளங்களில் ஏன் இல்லை?
– வாசகர், வாழப்பாடி

சீனா சி.ஆர்.எஸ்.-க்கும் அறிக்கை தருவதில்லை, ஐ.ஏ.டி.ஐ.-யிலும் வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் எய்ட்டேட்டா என்ற ஆய்வகம், பொதுவில் கிடைக்கும் ஆவணங்களிலிருந்து அதைத் திரட்டுகிறது. 2023 நவம்பரில் வந்த அதன் 3.0 பதிப்பில் 2000 முதல் 2021 வரை 165 நாடுகளில் 20,985 திட்டங்கள் இருக்கின்றன. இலவசமாக இறக்கலாம்.

சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன.
– கணினி மைய உரிமையாளர், சங்ககிரி

இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறக்காதீர்கள். எக்செல்லில் ‘தரவு’ பட்டியலுக்குள் போய் ‘உரை/சி.எஸ்.வி.-யிலிருந்து’ என்பதைத் தேர்ந்து, குறியீட்டு முறையில் 65001 யு.டி.எஃப்.-8 கொடுங்கள். பிறகு ‘தரவை உருமாற்று’ கொடுத்து, அடுத்துத் திறக்கும் திரையில் திட்ட எண் பத்தியை ‘உரை’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும், தேதி போலத் தெரியும் எண்கள் தேதியாகவே மாறிவிடும். இறக்கிய கோப்பின் பெயரில் இறக்கிய தேதியையும் சேர்த்து, மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வையுங்கள். அமெரிக்க அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்ட் 2025-இல் மூடப்பட்டபோது அதன் இணையதளமும் ஆவணக் களஞ்சியமும் இல்லாமல் போயின. கையில் பிரதி வைத்திருந்தவர்களுக்குத்தான் வேலை தொடர்ந்தது.

என் பஞ்சாயத்துக்கு எவ்வளவு வந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.
– வார்டு உறுப்பினர், ஏற்காடு ஒன்றியம்

இந்தத் தளங்கள் எதிலும் அந்த விடை நேரடியாக இராது. ஆனால் விடையைக் கேட்டு வாங்கத் தேவையான எண் இவற்றில் கிடைக்கும். உலக வங்கித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் பி என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட எண் உண்டு. எடுத்துக்காட்டாக, 2019-இல் 287 மில்லியன் டாலருக்கு ஒப்புதலான தமிழ்நாடு சுகாதார அமைப்புச் சீர்திருத்தத் திட்டம் பி166373. அந்த எண்ணை வங்கியின் ஆவணத் தளத்தில் போட்டால் மதிப்பீட்டு ஆவணம், ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் நிலை அறிக்கை, முடிவறிக்கை எல்லாம் வரும். மதிப்பீட்டு ஆவணத்தின் பிற்சேர்க்கைகளிலும் சுற்றுச்சூழல், பழங்குடியினர் தொடர்பான அறிக்கைகளிலும்தான் மாவட்டப் பெயர்கள் இருக்கும். பி.டி.எஃப்.-இல் சேலம், ஏற்காடு இரண்டையும் தேடுங்கள்.

ஆனால் மேற்சொன்ன சுகாதாரத் திட்டம் மாதிரியானவற்றில் ‘இந்த மருத்துவமனைக்கு இவ்வளவு’ என்ற கணக்கே வங்கியிடம் இருக்காது. குறிப்பிட்ட இலக்கை மாநிலம் எட்டினால் பணம் விடுவிப்பது அந்தக் கடனின் முறை. பணம் மாநிலக் கருவூலத்தில் சேர்ந்த பிறகு, துறையின் சொந்த வரவுசெலவோடு கலந்துவிடும்.

எனவே அடுத்த படி தகவல் உரிமைச் சட்டம். பிரிவு 6(1)-இன் கீழ் சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘வெளிநாட்டு உதவி எவ்வளவு வந்தது’ என்று பொதுவாகக் கேட்டால், ‘அத்தகைய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்ற ஒருவரிப் பதில்தான் வரும். திட்டத்தின் பெயர், திட்ட எண், நிதியாண்டு, ஊராட்சியின் பெயர் நான்கையும் குறிப்பிட்டு, ‘இத்திட்டத்தின் கீழ் இந்த ஊராட்சியில் மேற்கொள்ளப்பட்ட பணிகள், ஒவ்வொன்றின் ஒப்பந்த மதிப்பு, வழங்கிய தொகை, நிறைவு அறிக்கையின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், அந்தக் கெடு முடிந்த அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன்படி அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.